குடித்த இரவில் வண்டிச் சாவி யாரிடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடம் சென்னையில் ஆக்டிங் டிரைவராக, அதாவது கூப்பிடுகிறவர்களின் வண்டியை அவர்களுக்காக ஓட்டிக் கொடுப்பவனாக, ஓட்டினேன். இப்போது நானே ஓட்டுவதைவிட, கேட்கிறவர்களுக்கு டிரைவர் அனுப்பி வைக்கும் வேலைதான் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் போன்களில் பாதி, பார்ட்டியோ ரிசப்ஷனோ முடிந்து கிளம்புகிறவர்களுடையது. டிரைவர் கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் கூடவே இன்னும் நாலு கேள்வி கேட்பார்கள். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். குடிக்கலாமா கூடாதா என்று நான் சொல்ல வரவில்லை. குடித்த பிறகு ஸ்டியரிங்கையோ ஹேண்டில்பாரையோ தொட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

ஒரு லார்ஜ் மட்டும்தான் போட்டேன். ஓட்டலாம்தானே?

ஓட்ட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். இது எவ்வளவு சின்ன அளவு என்று பலருக்கும் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களின் லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியென்றால் 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வெறும் வயிற்றில் அதைச் சட்டென்று குடித்தால், ரத்தத்தில் அளவு 40ஐத் தாண்டிவிடும். அந்த ஒரே லார்ஜில் வரம்பு போய்விட்டது. கட்டிங் என்று சொல்லும் 90 மில்லி, 60ஐத் தாண்டும். ஒரு முழு குவாட்டர், அதாவது 180 மில்லி, 120க்கு மேல் கொண்டுபோகும், அதாவது வரம்பைப் போல நான்கு மடங்கு.

"நான் பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். கிட்டத்தட்ட இரண்டு லார்ஜ். ஒரு பாட்டில் பீர் குடித்தவரும் இரண்டு லார்ஜ் போட்டவரும் போலீஸ் ஊதச் சொல்லும் மெஷினுக்கு முன்னால் ஒன்றுதான்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் கொஞ்சம் மெதுவாக ஏறும், உச்ச அளவும் சற்றுக் குறையும். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவு சரக்கு அதிகமாக ஏறும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அந்த ஒரு லார்ஜே 60ஐத் தாண்டலாம். இந்த வித்தியாசங்களை எல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு பார்க்கிங்கில் நின்று யாராலும் கணக்குப் பார்க்க முடியாது. அதனால்தான் "குடித்தால் ஓட்டுவதில்லை" என்று ஒரே முடிவாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். "இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை" என்று ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு ஒவ்வொரு ரவுண்டுக்கும் நகர்ந்துகொண்டே போகும்.

எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல். எது சீக்கிரம் இறக்கும்?

எதுவும் இறக்காது. குடித்ததில் பெரும்பகுதியைக் கரைப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். 100 மில்லி ரத்தத்தில் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் குறையும், சிலருக்கு 10தான். காபி தூக்கத்தைக் கொஞ்சம் விரட்டும். ஆனால் ரத்தத்தில் இருக்கிற அளவு அப்படியே இருக்கும். முழித்துக்கொண்டிருக்கிற குடிகாரராக வண்டியில் ஏறுவீர்கள், அவ்வளவுதான். வாந்தி எடுத்தால் வயிற்றில் மிச்சம் இருப்பது மட்டுமே வெளியே வரும், ரத்தத்தில் கலந்தது கலந்ததுதான். பாக்கு, ஏலக்காய், மவுத்வாஷ் எல்லாம் வாயின் வாசனையை மறைக்கும். மெஷின் அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை.

எனக்கு எவ்வளவு குடித்தாலும் ஏறாது. நான் ஸ்டெடிதான். அப்புறம் என்ன?

இதைச் சொல்லாத ஆள் இல்லை. நல்ல மனிதர்கள், பொய் சொல்கிறவர்களும் இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். சிக்கல் என்னவென்றால், சரக்கு முதலில் தொடும் இடமே நாம் சரியாக இருக்கிறோமா என்று பார்த்துச் சொல்லும் அந்த அறிவுதான். கால் தடுமாறுவதும் நாக்கு குழறுவதும் வெகுநேரம் கழித்து வரும். அதற்கு முன்பே எதிரே வரும் லைட்டின் தூரம் தப்பாகத் தெரியும், பிரேக்குக்குக் கால் போவதில் ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. அரை நொடித் தாமதம் என்றால் எட்டு மீட்டருக்கு மேல். இரண்டு கார் நீளம்.

தினமும் குடித்துப் பழகியவருக்குத் தள்ளாட்டம் வெளியே தெரியாது. ஆனால் அவர் ரத்தத்தில் இருப்பதும் மெஷினில் ஏறும் எண்ணும் குறைந்துவிடாது.

வீடு பக்கத்துத் தெருதான். அதற்குமா டிரைவர்?

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர், தங்கமான மனிதர். பெசன்ட் நகரிலிருந்து அவர் காரிலேயே அழைத்து வந்தேன். தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். "நீங்க இப்படியே கிளம்புங்க தம்பி, கடைசி பஸ் போயிடும். உள்ளே நானே விட்டுக்கறேன்" என்றார். என் மேல் அக்கறையில் சொன்னதுதான். நானும் சாவியைக் கொடுத்துவிட்டேன். பத்தடி நடந்திருப்பேன், சத்தம் கேட்டது. போர்ட்டிகோவுக்குள் திருப்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். அவர் மகளின் சைக்கிள் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே மாட்டி, முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்து கிடந்தது. சைக்கிளின் பெல் மட்டும் தனியாகக் கழன்று படியில் உருண்டிருந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை வீட்டில் குடிக்காத ஒருவர் கையில் கொடுக்காமல் நான் கிளம்பியதில்லை. இப்போது நான் அனுப்பும் பையன்களுக்கும் அதுதான் முதல் பாடம்.

ராத்திரி குடித்தேன், நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டேன். காலையில் ஓட்டலாமா?

தூங்கினாலும் கல்லீரல் வேகம் கூடாது. எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு மணி வரை ஒரு குவாட்டரும் ஒரு ஸ்ட்ராங் பீரும் போயிருக்கிறது என்று வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு, இடையில் கரைந்தது போக, நள்ளிரவில் அளவு 150ஐ ஒட்டி இருக்கும். மணிக்கு 15 வீதம் ஏழு மணி நேரம் கழிந்தால் காலை ஏழு மணிக்கு இன்னும் 50க்குப் பக்கத்தில். குளித்து, விபூதி இட்டு, இட்லி சாப்பிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டரை எடுக்கிறீர்கள். சட்டப்படி அப்போதும் நீங்கள் குடித்துவிட்டுத்தான் ஓட்டுகிறீர்கள். இரண்டாம் நாள் காலையைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். விருந்து என்றால் மறுநாள் காலைக்கும் சேர்த்து ஆட்டோவோ, மனைவியோ, பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது ஏற்பாடாக இருக்கட்டும்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எப்படி வருவது? காலையில் வண்டி வேண்டுமே?

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் பார்த்தவரை, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஓட்டுவதில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் ஓட்டுகிறார்கள். பார்க்கிங்கில் ராத்திரி வைத்தால் யாராவது தூக்கிவிடுவார்களோ, காலையில் ஆபீசுக்கு எப்படிப் போவது, மறுபடி இங்கே வந்து எடுக்க ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டுமே, மனைவி கேட்டால் என்ன சொல்வது. இத்தனை கணக்கும் மனதில் ஓடும். அந்தக் கணக்கில் உயிர் வரவே வராது.

அதனால் விடை ஒன்றுதான். குடிக்கப் போகிற இடத்துக்கு வண்டியை எடுத்துப் போகாதீர்கள். ஆபீஸ் முடிந்து நேராகப் போவதாக இருந்தால், வண்டியை ஆபீஸ் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே வாட்ச்மேன் இருப்பார், மறுநாள் எப்படியும் அங்கேதான் வரப்போகிறீர்கள். இந்த முடிவை முதல் கிளாசுக்கு முன்னால் எடுக்க வேண்டும். மூன்றாவது கிளாசுக்குப் பிறகு யோசிக்க உட்கார்ந்தால், உங்களுக்குப் பதிலாகச் சரக்குதான் யோசிக்கும்.

ஆக்டிங் டிரைவர் எப்படிக் கூப்பிடுவது? நம்பி விடலாமா?

ஆப்களிலும் கிடைக்கிறார்கள், ஏரியாவில் தெரிந்த ஆள் மூலமாகவும் கிடைப்பார்கள். மணிக்கணக்கில் கட்டணம், பத்து மணிக்கு மேல் நைட் பேட்டா, உங்களை இறக்கிவிட்டு அவர் திரும்பிப் போகும் செலவு. இவ்வளவும் சேர்ந்தாலும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மேஜையில் வரும் பில்லோடு வைத்துப் பாருங்கள்.

மதியமே சொல்லிவிடுங்கள். பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் எல்லோரும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுகிறார்கள், ஆள் கிடைப்பது கஷ்டம். கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்று சொல்லுங்கள். லைசென்ஸைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், எந்த டிரைவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆர்.சி., இன்சூரன்ஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். வீட்டு லொகேஷனைக் குடிப்பதற்கு முன்பே அனுப்பி வையுங்கள். தூங்கிவிட்ட ஆளை எழுப்பி எந்தத் தெரு என்று கேட்டு, ஒரு மணி நேரம் வேளச்சேரி முழுக்கச் சுற்றிய இரவுகள் எனக்கு உண்டு.

எங்களுக்குக் காரெல்லாம் இல்லை. டூ வீலர்தான்.

உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். காரில் தடுமாறினால் தகரம் நசுங்கும், பைக்கில் தடுமாறினால் நேராக உடம்பு. குடித்தவர்கள் ஹெல்மெட்டை மாட்டாமல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதையும் பார்க்கிறேன். வண்டியை வீட்டில் விட்டு, பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போய்வாருங்கள். சென்னையில் மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் முடிந்துவிடும், அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். டாஸ்மாக் கடை பத்து மணிக்கே மூடிவிடுகிறது, அதனால் மெட்ரோவைப் பிடிக்க நேரம் இருக்கும். பைக் டாக்ஸியில் ஏறுவதானால் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார முடிகிற நிலையில் இருக்க வேண்டும். தூக்கம் சொக்குகிறவரை பைக்கில் ஏற்றாதீர்கள், ஆட்டோதான்.

ஊர்ப்பக்கம் ராத்திரியில் ஆட்டோ கிடைக்காது என்பது உண்மை. அங்கே ஒரே வழி, போன இடத்திலேயே பாயை விரித்துப் படுப்பதுதான். நம் ஊரில் யாரும் ஒரு ராத்திரி படுக்க இடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

நான் ஓட்டவில்லை, பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என் மேல் கேஸ் வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2022 அக்டோபரில் இதை வெளிப்படையாக அறிவித்தார்கள். ஓட்டுகிறவர் குடித்திருப்பது தெரிந்தே கூட வந்தவருக்கும் அபராதம். கேஸை விடுங்கள், விழுந்தால் பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார்கூட இல்லை.

போலீஸ் நிறுத்தினால் என்ன நடக்கும்? ஊத மாட்டேன் என்று சொன்னால்?

யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ்காரர் சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம். மறுத்தால், வாரன்ட் இல்லாமலே கைது செய்ய 203ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தது பின்னால் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளப்படும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும். இது உங்கள் உரிமை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை 2019 செப்டம்பர் 1 முதல் கூடிவிட்டது. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு முன்பு முதல் தடவை அபராதம் 2,000 வரைதான். லைசென்ஸும் சில மாதங்களுக்கு முடக்கப்படலாம். என்னைப் போல ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சில மாதம் என்பது வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ், எல்லாம்.

சந்து வழியாகப் போனால் செக்கிங் இருக்காது என்று வழி சொல்லும் நண்பர்கள் உண்டு. சந்தில்தான் தெரு விளக்கு இருக்காது, நாய் குறுக்கே வரும், யாராவது கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே?

குடித்து ஓட்டி இடித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிடைக்காது, பாலிசியிலேயே அந்த விலக்கு எழுதியிருக்கும். "மெஷினில் ஊதவில்லை, எப்படி நிரூபிப்பார்கள்" என்ற வாதமும் எடுபடாமல் போகலாம். பேர்ல் பீவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் கொடுத்த தீர்ப்பில், ஊதிப் பார்த்த ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் மற்ற சாட்சியங்களை வைத்து முடிவுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டது. அடிபட்ட மூன்றாம் ஆளுக்கு நஷ்ட ஈடு போனாலும், அந்தப் பணத்தைக் கம்பெனி பிறகு வண்டி உரிமையாளரிடம் கேட்கும் நிலை வரலாம்.

நெடுஞ்சாலைக் கடைகளை எல்லாம் மூடினார்களே, அதற்குப் பிறகுமா?

அந்த வழக்கே நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையேயான வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த வருடமே சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்றும், நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு என்றும் தளர்ந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் கடை உள்ளே தள்ளிப் போனால், அங்கே வண்டியில்தான் போகிறார்கள், வண்டியில்தான் திரும்புகிறார்கள். சாலையில் கடை இல்லை என்பதை வைத்து நீங்கள் நிம்மதியடைய முடியாது.

நண்பர் சாவியைத் தர மாட்டேன் என்கிறார். சண்டை வருமே?

"நீ குடிச்சிருக்கே" என்று ஆரம்பித்தால் சண்டைதான். "மாப்ள, எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு, என்னை ஆட்டோவுல வீட்டுல விட்டுட்டு வா" என்று உதவி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடுவார். ஆட்டோவுக்கு முன்பே சொல்லி வைத்திருங்கள். பேச்சே எடுபடாதபோது வண்டியை மறைத்து இன்னொரு வண்டியைக் குறுக்கே நிறுத்துங்கள். ஒரு ராத்திரி திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெரியவர்களிடம்தான் கஷ்டம். எங்கள் சித்தப்பா ஒரு கல்யாண ரிசப்ஷனில் அப்படித்தான், டிவிஎஸ் எக்ஸெல்லில் பதினெட்டு கிலோமீட்டர் போகக் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளைகள் யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அத்தை, அவர் வெற்றிலைப் பையோடு சேர்ந்திருந்த சாவியை நைசாக எடுத்து, சமையல்கட்டில் அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். சாவியைத் தேடித் தேடி, திட்டித் திட்டி, அங்கேயே திண்ணையில் தூங்கினார் மனுஷன். காலையில் காபி டம்ளரோடு சேர்த்து அத்தை சாவியை நீட்டினார். "நீயா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

நாலு பேர் போகிறோம். ஒருவர் குடிக்காமல் இருந்தால் போதுமா?

போதும், ஆனால் அவர் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. "நீ கம்மியா போடு, நீ ஓட்டு" என்பது குடிக்காதவர் கணக்கில் சேராது. யார் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்து, சாவியை அப்போதே அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரை "ஒண்ணே ஒண்ணு" என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். அவர் சாப்பாட்டுக்கு மற்ற மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுங்கள், அடுத்த முறை வேறொருவர். எப்போதும் அதே ஆளையே உட்கார வைத்தால் அவர் வருவதை நிறுத்திவிடுவார்.

டிசம்பர் 31?

சென்னையில் அன்று இரவு மேம்பாலங்களை அடைப்பார்கள், கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், தெருவுக்குத் தெரு செக்கிங். ஆப்களில் கட்டணம் ஏறும், டிரைவரும் கிடைக்க மாட்டார். நான் அந்த ஒரு ராத்திரிக்கு ஆள் கேட்டால் ஒரு வாரம் முன்பே சொல்லச் சொல்வேன். நடந்து திரும்பும் தூரத்தில் ஒரு வீட்டில் கொண்டாடுவதுதான் எனக்குத் தெரிந்து நல்லது.

காருக்குள்ளேயே தூங்கிவிட்டுப் போகலாமா?

ஓட்டுவதைவிட நல்லது. ஆனால் மூடிய பேஸ்மென்ட்டிலோ ஷெட்டிலோ இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். டிரைவர் சீட்டில் உட்காராமல் பின்சீட்டுக்குப் போங்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும்.

அவர் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டார். இப்போது என்ன செய்வது?

அவருக்குத் திரும்பத் திரும்ப போன் போடாதீர்கள், ஓட்டிக்கொண்டே எடுப்பார். அவர் வீட்டுக்குக் கூப்பிட்டு, கிளம்பிய நேரத்தையும் வழியையும் சொல்லுங்கள். குடிக்காத ஆள் யாராவது இருந்தால் அதே வழியில் பின்னால் போகட்டும். எங்கேயாவது விழுந்து கிடந்தால் உடனே 108. ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது, பணத்துக்கு யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். உதவி செய்தவரைக் கேஸில் இழுக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு.

அவர் பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டார் என்று போன் வந்தால், அந்த ராத்திரிக்குத் தூங்குங்கள். மறுநாள் சாயங்காலம், தெளிவாக இருக்கும்போது, நேரில் போய் அவரிடம் பேசுங்கள்.